பாட்டுப் பெட்டியைப் பாட வைக்க இன்னும் 9,320 வெள்ளி வேண்டும்

படிப்பக உறுப்பினர்களுக்கும் பினாங்கு ஜார்ஜ் டவுன் வாழ் தமிழ் மக்களுக்கும் பழுதுபார்ப்புக் குழுவின் வணக்கம்.

நம் படிப்பகத்தின் முன்கூடத்தில் பல ஆண்டுகளாக ஊமையாக நிற்கும், காசு போட்டால் பாடும் சீபர்க் ஜூக்பாக்ஸைப் பழுது நீக்கி, வரும் ஆயுத பூஜையன்று மாலை சாத்திப் பொட்டு வைத்து முதல் காசைப் போடுவது என்று சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தீர்மானித்தோம். மொத்தச் செலவு 24,500 வெள்ளி (ரிங்கிட்). கைக்கு வந்திருப்பது 15,180 வெள்ளி. மீதி 9,320 வெள்ளி இம்மாதம் 30ஆம் தேதிக்குள் சேராவிட்டால், அமெரிக்காவில் நமக்காக ஒதுக்கி வைக்கப்பட்டுள்ள உதிரிப் பாகங்கள் வேறொருவர் கைக்குப் போய்விடும். விற்பனையாளரிடம் இரண்டு முறை தவணை கேட்டுவிட்டோம். மூன்றாம் முறை கேட்க எங்களுக்கு முகமில்லை.

இந்தப் பெட்டியின் பெருமையை இளைய தலைமுறைக்குச் சொல்வது எங்கள் கடமை. நிமிடத்துக்கு 45 சுற்று சுற்றும் ஏழு அங்குல இசைத்தட்டு 1949இல் அமெரிக்காவில் அறிமுகமானது. மறு ஆண்டே அந்தத் தட்டுக்கென்று ஒரு பாட்டுப் பெட்டியைச் சிகாகோவின் சீபர்க் நிறுவனம் கொண்டுவந்தது. நம்மிடம் இருப்பது அதற்குப் பின் 1952இல் வந்த எம்100சி என்ற வகை. உள்ளே ஐம்பது தட்டுகள் புத்தக அலமாரியில் புத்தகங்களைப் போலச் செங்குத்தாக நிற்க, அவற்றின் அருகே தண்டவாளத்தில் ஒரு வண்டி ஓடி, கேட்ட தட்டின் முன் நின்று, அதைத் தூக்கிப் பிடித்து, கேட்ட பக்கத்தைப் பாட வைக்கும். ஐம்பது தட்டுக்கும் இரு பக்கமாக நூறு தேர்வுகள். கண்ணாடி வழியாக இவையெல்லாம் வெளியே தெரியும் என்பதால், பாட்டுக் கேட்க வந்தவர்களைவிட வண்டி ஓடுவதைப் பார்க்க வந்த பிள்ளைகள் அதிகம் என்று பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

பினாங்கு 1969 வரை தீர்வையில்லாத் துறைமுகமாக இருந்த காலத்தில் கப்பலில் வந்து இறங்கிய இப்பெட்டி, துறைமுகத்துக்குப் பக்கத்தில் ராவுத்தர் ஒருவர் நடத்திய சாப்பாட்டுக் கடையில்தான் முதலில் நின்றது. மூட்டை சுமந்து களைத்து வந்த நம் அப்பாமார்கள், தேநீருக்கு வைத்திருந்த சில்லறையில் ஒன்றை இதில் போட்டு டி.எம். சௌந்தரராஜனையும் பி. சுசீலாவையும் கேட்டார்கள். ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு, ஊருக்குப் போக முடியாமல் இருந்தவர்களுக்கு அந்த மூன்று நிமிடம் எவ்வளவு பெரியது என்பதை, அவர்கள் மடியில் உட்கார்ந்து கேட்ட எங்களில் சிலர் அறிவோம். கடையை மூடியபோது, விலை கொடுத்து வாங்கப் பலர் வந்தும் கொடுக்காமல், "இது பிள்ளைகள் பொழங்குற இடத்துலதான் இருக்கணும்" என்று சொல்லி ராவுத்தர் இதை நம் படிப்பகத்துக்கு அனுப்பிவைத்தார். இன்று கூட்டம் நடக்கும்போது அதன் தலையில் தேநீர்க் குவளைகளை வைக்கிறோம்.

பழுதைப் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் கொடுத்துப் பணத்தையும் இழந்தோம். பாட்டு வந்தது, ஆனால் சுசீலாவின் குரல் ஆண்குரல் போல இழுத்துக்கொண்டு வந்தது. காரணம் பிறகுதான் புரிந்தது. அமெரிக்க மின்சாரம் நொடிக்கு 60 சைக்கிள் (ஹெர்ட்ஸ்), நம் நாட்டு மின்சாரம் 50 சைக்கிள்; மோட்டாரின் வேகம் இந்தச் சைக்கிளைப் பொறுத்தது. டிரான்ஸ்பார்மர் 240 வோல்ட்டை 117 வோல்ட்டாகக் குறைக்குமே தவிர, சைக்கிளை மாற்றாது. ராவுத்தர் காலத்தில் இதற்காகவே பொருத்தியிருந்த மாற்றுப் பாகத்தை அந்தக் கடையில் கழற்றிப் போட்டுவிட்டு, அமெரிக்க மோட்டாரை அப்படியே வைத்துவிட்டதால், நிமிடத்துக்கு 45 சுற்று சுற்ற வேண்டிய தட்டு 37.5 சுற்றுதான் சுற்றியது. அதே மாதத்தில் ஒலியைப் பெருக்கும் வால்வு ஆம்பிளிபயரில் காய்ந்துபோன கெபாசிட்டர் ஒன்று வெடித்து, பெட்டி ஊமையானது.

இப்போது இதைக் கையில் எடுத்திருப்பவர் பட்டர்வொர்த்தைச் சேர்ந்த ஒரு பெரியவர். கப்பல் வானொலிகளைப் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். கூலி வேண்டாம், படகுக் கட்டணம் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டார். டிசம்பரில் அவர் மகளிடம் ஆஸ்திரேலியா போகிறார். எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. முதல் நாள் அவர் பிளக்கைத் தொடவே இல்லை. பின்கதவைத் திறந்து, டார்ச் அடித்து அரைமணி நேரம் பார்த்தார். பல்சக்கரங்களில் கிரீஸ் மெழுகு போல இறுகிக் கிடந்தது. ஊசியைத் தாங்கும் ரப்பரை நகத்தால் அழுத்திப் பார்த்து, கல்லாகிவிட்டது, இப்படியே ஓட்டினால் தட்டைச் சீவித் தள்ளிவிடும் என்றார். பிறகு காசு இறங்கும் பாதையைக் கழற்றி மெல்லத் தட்டினார். தூசியோடு ஒரு காசு விழுந்தது. ராணியின் தலை பொறித்த பழைய மலாயா இருபது காசு. அதைக் கழுவி, மஞ்சள் துணியில் முடிந்து சுவாமி படத்துக்கு முன் வைத்திருக்கிறோம்.

இனிக் கணக்கு. ஆம்பிளிபயருக்கான கெபாசிட்டர், வால்வுகளுக்கு 3,100 வெள்ளி. இரு பக்கத்துக்கும் இரண்டு ஊசி கொண்ட, தட்டிலிருந்து பாட்டை எடுக்கும் பிக்கப்பைப் புதுப்பிக்க 1,900. 50 சைக்கிளுக்கான மாற்றுப் பாகம், பல்சக்கரங்கள், ரப்பர் ஆகியவற்றுக்கு 2,250. துருப்பிடித்த குரோமியப் பூச்சும் விரிசல் விட்ட பிளாஸ்டிக்கும் 6,400; இதைக் குறைக்கலாமே என்று சிலர் கேட்டார்கள், ஆனால் அந்த ஒளி இல்லாமல் அது வெறும் மரப்பெட்டி என்பதே குழுவின் முடிவு. முன்கூடத்துக்குத் தனி மின்கம்பி, எர்த், மின்கசிவைத் துண்டிக்கும் பிரேக்கர் 4,700. கப்பல் கூலியும் வரியும் 2,300. மீதி 3,850 வெள்ளி, பெட்டிக்குப் பக்கத்தில் கிடக்கும் மேசை வடிவ ஸ்பேஸ் இன்வேடர்ஸ் விளையாட்டுக்கு. 1978இல் ஜப்பானின் டைட்டோ வெளியிட்ட அந்த விளையாட்டின் போர்டும் படக்குழாயும் பழுதாகி உள்ளன. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் படக்குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். ஆர்வத்தில் யாரும் அதைத் திறக்க வேண்டாம் என்று இளைஞர்களைக் கண்டிப்பாகக் கேட்டுக்கொள்கிறோம்.

இதுவரை கொடுத்தவர்களை நாங்கள் மறக்கவில்லை. அறிவிப்பு ஒட்டிய அன்றே, தம் ஓய்வூதியத்திலிருந்து 500 வெள்ளியை உறையில் போட்டு வந்து தந்த முன்னாள் துறைமுகக் கிராணி (எழுத்தர்) ஐயாவுக்கு எங்கள் முதல் வணக்கம். இரண்டு இரவு கண்விழித்து முறுக்கு சுட்டு, விற்ற பணம் 640 வெள்ளியை ஒரு காசு குறையாமல் ஒப்படைத்த மாதர் பிரிவினருக்கு எந்த நன்றியும் போதாது. சுங்கைப் பட்டாணியிலிருந்து பேருந்தில் வந்து, காலஞ்சென்ற கணவர் சேர்த்த 62 இசைத்தட்டுகளைத் துணிப்பையில் கொண்டுவந்து கொடுத்த அம்மா, ஒன்றே ஒன்று கேட்டார்: அவர் விரும்பிய தட்டு ஒன்று பெட்டிக்குள் எப்போதும் இருக்க வேண்டும். அது இருக்கும். பின்தெருவில் காப்பிக்கடை வைத்திருக்கும் சீனப் பெரியவர், யாரும் கேட்காமலே 1,000 வெள்ளி தந்தார். சிறு வயதில் அவரும் அந்தக் கண்ணாடிக்கு முன் நின்றவராம்.

அவர் கொடுத்தபோது மகிழ்ந்தோம். வீட்டுக்குப் போய்ப் பட்டியலைப் பார்த்தபோது தலை குனிந்தோம். பொதுக்கூட்டத்தில் கை தூக்கி ஒப்புக்கொண்ட தொகையில் 4,200 வெள்ளி இன்னும் வரவில்லை. யார் யார் என்று நாங்கள் எழுதப் போவதில்லை. கொடுத்த வாக்கு அவரவர்க்குத் தெரியும். கையில் இப்போது இல்லை என்றால் பொருளாளரிடம் சொல்லுங்கள், மூன்று தவணையாகக் கட்டலாம். ஆனால் பதில் சொல்லாமல் இருந்துவிடாதீர்கள். நம் அப்பாமார்கள் தேநீரை விட்டுவிட்டுப் போட்ட காசில் பாடிய பெட்டி இது. கல்யாண மண்டபத்துக்கும் கைப்பேசிக்கும் செலவு செய்யும் நாம், இதை இரும்புக்கடைக்கு அனுப்பினோம் என்ற பெயரை எடுக்க வேண்டாம்.

பணம் கொடுக்க இயலாதவர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. 2012இல் வந்த புதிய சில்லறைகள் அளவில் சிறியவை. இந்தப் பெட்டி அவற்றைக் காசாகவே ஏற்காது. நாடாளுமன்றக் கட்டடம் பொறித்த 1967ஆம் ஆண்டு வகை, அல்லது வெற்றிலைத் தட்டு பொறித்த 1989ஆம் ஆண்டு வகை இருபது காசுகள் உங்கள் வீட்டு இழுப்பறையிலும் பூஜை அறை டப்பாவிலும் கிடக்கலாம். கொண்டுவந்து தாருங்கள். இருநூறு காசுகளாவது சேர்ந்தால், வருகிறவர்களுக்கு மாற்றிக் கொடுத்து, இரவில் பெட்டியிலிருந்து எடுத்து மறுநாளும் பயன்படுத்தலாம்.

நன்கொடையைப் படிப்பகத்தில் மாலை 6 முதல் 9 மணி வரை பொருளாளரிடம் செலுத்தி, முத்திரையிட்ட ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். செலவுக் கணக்கு ஒவ்வொரு ஞாயிறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். ஆயுத பூஜையன்று, மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருக்கும் அந்த மலாயாக் காசை ராவுத்தரின் பேரன் போடுவார். வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
பழுதுபார்ப்புக் குழுவினர்