பிரமிடு படத்தில் சங்கிலி எதற்கு?

ஆசிரியருக்கு,

கடந்த ஞாயிறு இணைப்பில் கீசா பிரமிடு பற்றிய கட்டுரையைப் படித்தேன். எழுத்தில் குறையில்லை. அதோடு வந்த, செயற்கை நுண்ணறிவு வரைந்த படம்தான் வருத்தம் தந்தது. இரும்புச் சங்கிலியில் அடிமைகள், சாட்டையோடு காவலர்கள், வரிசையாக ஒட்டகங்கள்! அந்தப் பெரிய பிரமிடைக் கட்டிய கூஃபு மன்னன் காலத்துக் கல்தச்சர்களின் முக்கியக் கருவிகள் செம்பு உளியும் கல் சுத்தியலும்தான், இரும்பு அல்ல. ஒட்டகம் எகிப்தில் பரவலாகப் பழக்கத்துக்கு வந்தது வெகுகாலம் கழித்து. கீசாவில் 1990இல் கண்டறியப்பட்ட தொழிலாளர் கல்லறைகளில், முறிந்து நன்றாகக் கூடிய எலும்புகள் கிடைத்தன. அவர்களுக்கு வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். 2013இல் செங்கடல் கரையில் வாடி அல்-ஜார்ஃபில் கிடைத்த பாப்பிரஸ் (நாணல் தாள்) ஏடுகளில், மெரெர் என்ற மேற்பார்வையாளர் தன் ஆட்களோடு துரா கல்குவாரியிலிருந்து சுண்ணாம்புக்கல்லைப் படகில் கீசாவுக்குக் கொண்டுபோனதை நாள்வாரியாகக் குறித்திருக்கிறார். படத்திலோ ஒரு படகுகூட இல்லை.

பள்ளியில் வரலாறு சொல்லிக் கொடுத்தவன் நான். எவ்வளவு விளக்கினாலும், பிள்ளைகள் விடைத்தாளில் எழுதியது எங்கோ படத்தில் பார்த்த சாட்டையைத்தான். சரி, கணினிப் படமே வேண்டாம் என்று சொல்லவில்லை. படத்தின் கீழே 'கணினி உருவாக்கிய கற்பனை' என்று அச்சிடுங்கள். அப்புறம், ஜெஹுதிஹோதெப் என்ற பண்டைய எகிப்திய மாகாண ஆளுநரின் கல்லறை ஓவியத்தை மாதிரியாகக் கொடுத்து வரையச் சொல்லலாம். காலத்தால் பிந்தியது என்றாலும், பெருஞ்சிலையைச் சறுக்குவண்டியில் வைத்து ஆட்கள் கயிறு கட்டி இழுப்பதும், ஒருவர் வண்டிக்கு முன்னால் தண்ணீர் ஊற்றுவதும் அதில் தெளிவாக இருக்கின்றன.

- ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்