கோலிக்குண்டு உருட்டி ஆள் எடுத்த ஊரிலிருந்து

ஸ்பிரிங்வேல், மெல்பர்ன்
ஆகஸ்ட் 20

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முட்டிவலி தேவலையா? போனில் இதைப் பேசலாம் என்றால் நாலாவது வார்த்தையிலேயே "இந்தா, அம்மாகிட்ட பேசு" என்று கொடுத்துவிடுகிறீர்கள். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

பக்கத்து வீட்டுப் பெரியவரை உங்களுக்குத் தெரியும், வீடியோவில் கை காட்டுவாரே, அவர்தான். முந்தாநாள் 18ஆம் தேதி, வியட்நாமுக்குப் போய் வந்த சிப்பாய்களுக்கான நாள். 1966இல் அதே தேதியில் லாங் டான் ரப்பர்த் தோட்டத்தில், கொட்டும் மழையில் நடந்த சண்டையில் 18 ஆஸ்திரேலியர்கள் செத்தார்கள். அவருக்கு இப்போது கண் சரியில்லை, வண்டி ஓட்ட முடியாது. நான்தான் கூட்டிப் போனேன். மெடல் குத்தும்போது கை நடுங்கியது. ஊக்கை நான் போட்டுவிட்டேன்.

இவர் தானாகப் பட்டாளத்தில் சேர்ந்தவர் இல்லை. இருபது வயதுப் பையன்களின் பிறந்த தேதிக்கு ஒரு கோலிக்குண்டு. குண்டுகளை லாட்டரிப் பீப்பாயில் போட்டு உருட்டி எடுப்பார்களாம். உங்கள் தேதி வந்தால் போக வேண்டியதுதான். அப்போது ஓட்டுரிமை 21 வயதுக்கு. அனுப்புகிற அரசாங்கத்துக்கு எதிராக ஓட்டுப் போடக்கூட அந்தப் பையன்களுக்கு வயதில்லை! இப்படிக் கோலிக்குண்டில் தேதி விழுந்து வியட்நாம் போனவர்கள் மட்டும் 15,000க்கு மேல். மொத்தம் போனவர்கள் 60,000 பேர், திரும்பாதவர்கள் 500க்கு மேல். நீங்கள் ரெக்ரூட்மென்டில் மார்பை விரித்துக் காட்டி நின்றவர், இதைக் கேட்டால் சிரிப்பீர்கள்.

அவர் போனது 1969இல். அதற்கு இரண்டு வருடம் முன்பு ஆஸ்திரேலியப் படை டாட் டோ என்ற ஊரிலிருந்து கடல்வரை வேலி கட்டி, 20,000க்கு மேல் கண்ணிவெடிகளைப் புதைத்திருந்தது. காவலுக்கு ஆள் போதவில்லை. ராத்திரியில் எதிராளிகள் ஆயிரக்கணக்கில் தோண்டி எடுத்து, இவர்கள் நடக்கும் பாதையிலேயே புதைத்துவிட்டார்கள். சொந்தச் செலவில் சூனியம்! அவர் தொடையில் இன்னும் இருக்கிற சில்லு அப்படி வந்ததுதான். தொட்டுப் பார்க்கச் சொன்னார். புளியங்கொட்டை மாதிரி தோலுக்கடியில் நகர்கிறது.

திரும்பும் வழியில், "போனது சரிதானா தாத்தா?" என்று கேட்டுவிட்டேன். "போயே இருக்கக் கூடாது" என்றார். அவ்வளவுதான். பிறகு வியட்நாம்காரம்மாவின் ரொட்டிக் கடையில் நிறுத்தச் சொன்னார். அந்தம்மாவின் அப்பா தெற்கு வியட்நாம் படையில் இருந்தவர். 1975இல் அதன் தலைநகர் சைகோன் கம்யூனிஸ்டுகளிடம் விழுந்த பிறகு முகாமில் அடைக்கப்பட்டவர். அந்தம்மா சின்ன வயதில் படகேறி வந்தவர். அன்றைக்கு மட்டும் இவரிடம் காசு வாங்குவதில்லை. ஆனால் அந்தம்மாவின் பேச்சு வேறு: "வந்தது தப்பில்லை, பாதியில் விட்டுப் போனதுதான் தப்பு." இவர் மறுத்துப் பேசவில்லை. ரொட்டியைப் பிட்டுத் தின்றுகொண்டிருந்தார்.

என் ஆபீசில் ஒரு சிங்கப்பூர்க்காரர் மூன்றாவது கணக்குச் சொல்கிறார். அந்தப் போர், கம்யூனிஸ்டுகள் கைக்குப் போகாமல் காலூன்றத் தென்கிழக்கு ஆசியாவுக்கு அவகாசம் வாங்கித் தந்தது என்று லீ குவான் யூ சொல்லி வந்தாராம். இருக்கலாம். லாவோசும் கம்போடியாவும் அதே 1975இல் அவர்கள் கைக்குப் போயின, தாய்லாந்தும் மலேசியாவும் போகவில்லை. ஆனால் இந்தோனேசியா 1966க்குள்ளேயே கம்யூனிஸ்டுகளுக்கு எதிராகத் திரும்பிவிட்டதே, அதற்கும் இந்தப் பையன்களுக்கும் என்ன சம்பந்தம்? அவகாசக் கணக்கு எழுதுகிறவர்களின் பிறந்த தேதி அந்தப் பீப்பாயில் இருந்ததில்லை. என்னைக் கேட்டால் பெரியவர் சொன்னதுதான் சரி. அந்தம்மா முன்னால் மட்டும் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

பெரியவர் 1970இல் திரும்பியபோது மெல்பர்ன் தெருக்களில் பல்லாயிரம் பேர் போரை நிறுத்தச் சொல்லி ஊர்வலம் போயிருந்தார்கள். பழைய சிப்பாய்களின் கிளப் ஒன்றிலோ, "அதெல்லாம் ஒரு போரா?" என்று கேட்டார்களாம். மெடலைப் பீரோவில் போட்டவர், 1987 அக்டோபர் 3ஆம் தேதி சிட்னியில் வரவேற்பு அணிவகுப்பு நடந்தபோதுதான் வெளியே எடுத்தார்.

அதைக் கேட்டதும் எனக்குத் திக்கென்றது. அதே அக்டோபரில்தான் நீங்கள் இந்திய அமைதிப்படையோடு இலங்கையின் பலாலியில் இறங்கினீர்கள்.

நான் அஞ்சாவது படிக்கும்போது ஒரு பையன், "உங்கப்பா நம்ம ஜனங்களையே சுட்டவராமே" என்றான். அப்படியே உங்களிடம் வந்து கேட்டேன். நீங்கள் வாளியை எடுத்துக்கொண்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டீர்கள். அப்புறம் நானும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை.

"உங்கப்பா திரும்பி வந்தப்போ யார் வந்து நின்னாங்க?" என்று பெரியவர் கேட்டார். 1990 மார்ச்சில் அமைதிப்படை மெட்ராசில் வந்து இறங்கியபோது முதலமைச்சர் கலைஞர் வரவேற்கப் போகவில்லை என்பது பேப்பரில் வந்தது, அதைச் சொன்னேன். "அதில்லை, உங்க வீட்டிலிருந்து யார் போனாங்க?" என்றார். தெரியவில்லை அப்பா. நீங்கள் எந்தக் கப்பலில் வந்தீர்கள் என்பதுகூட எனக்குத் தெரியாது.

எழுதுங்கள். அம்மாவை எழுதச் சொல்லாமல் நீங்களே எழுதுங்கள், இந்தியிலும் தமிழிலும் கலந்து எழுதினாலும் பரவாயில்லை. போர்வெல் மோட்டாருக்குப் பணம் போட்டிருக்கிறேன், வந்துவிட்டதா என்று பாங்கில் பாருங்கள்.

உங்கள் மகன்