சணல் கயிற்றில் ஒரு யட்சி

நியூயார்க்,
14 ஜூலை 2019

அன்புள்ள விசாலம்,

முட்டி வலி குறைந்து மாடி ஏறி இறங்குகிறாய் என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. இங்கே பேத்திக்கும் காய்ச்சல் விட்டுவிட்டது. சரி, போன ஞாயிற்றுக்கிழமை பார்த்ததை உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும்.

மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் மெட் பிராயர் கட்டடத்துக்கு மகள் கூட்டிப்போனாள். மிருணாளினி முகர்ஜியின் சிற்பக் கண்காட்சி. 1984இல் செய்த 'யட்சி' முன்னால் நின்றதும் கால் நகரவில்லை. பூ விரிந்த மாதிரியும் இருக்கிறது, அம்மன் நிற்கிற மாதிரியும் இருக்கிறது. கிட்டப் போய்ப் பார்த்தால், அத்தனையும் கயிறு! சணல் கயிற்றுக்குச் சாயம் ஏற்றி, கையாலேயே முடிச்சு முடிச்சாகப் போட்டு எழுப்பியது. தறி கிடையாது, முன்னாலேயே வரைந்து வைத்த படமும் கிடையாது. ஒன்றை முடிக்கவே மாதக்கணக்கில் ஆகுமாம்.

எனக்கு உன் ஞாபகம்தான். சிவன் கண் பின்னல் போட்ட ஒயர் கூடைக்கு மூலை திருப்பும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒயரை இழுப்பாயே, அந்த இழுப்பு ஒவ்வொரு முடிச்சிலும் இருக்கிறது. மடிப்பு வளைகிற இடத்தில் முடிச்சுகள் நெருங்கி உதடு போலத் தடிக்கின்றன. அப்புறம் மெல்லத் தளர்ந்து கீழே தொங்குகின்றன.

மிருணாளினியின் அப்பா சாந்திநிகேதன் ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜி, அம்மா லீலா மரச்சிற்பி. மிருணாளினி பரோடாவில் ஓவியர் கே.ஜி. சுப்பிரமணியனிடம் படித்தவர். கைவினை தாழ்ந்தது, கலை உயர்ந்தது என்று பிரிக்காத ஆசிரியர் அவர். ஆனால் வெளியில் அந்தப் பிரிவினை இருக்கத்தானே செய்தது? கல்லும் வெண்கலமும் என்றால் சிற்பம், கயிறு என்றால் பின்னல் வேலை. பின்னாளில் மிருணாளினி சுடுமண்ணிலும் வெண்கலத்திலும் செய்தார். அவையும் அழகுதான். இருந்தாலும் என் மனசு கயிற்றைவிட்டு வரவில்லை.

கோயில் கருவறைக்குள் நுழைந்து நிமிர்ந்து பார்க்கும்போது வருமே ஒரு சிலிர்ப்பு, அதைத்தான் தன் சிற்பங்களிலும் தேடியதாக அவரே சொல்லியிருக்கிறார். எனக்கு அது வந்தது, விசாலம்.

ஒன்று மட்டும் தாங்கவில்லை. 2015 ஜனவரியில் டெல்லி தேசிய நவீன கலைக்கூடத்தில் அவருடைய வாழ்நாள் வேலைகளைத் திரட்டிப் பெரிய கண்காட்சி வைத்தார்கள். அது திறந்த சில நாட்களிலேயே இறந்துபோனார். 65 வயதுதான். இந்த நியூயார்க் கூட்டத்தை அவர் பார்த்திருக்க வேண்டும்.

மகள் எடுத்த படங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். மூன்றாவது படத்தில் நடு மடிப்பைப் பார். கயிறு உள்ளே போய் எங்கே திரும்பி வெளியே வருகிறது என்று எனக்குப் பிடிபடவே இல்லை. நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
கமலா