பரிசுப் பொத்தான் திறந்துவிடும் கதவு: விளையாட்டு நிறுவனத்துக்கு ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
அடுக்குமாடிக் குடியிருப்போர் நலச் சங்கம்,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
இணைய விளையாட்டு நிறுவனம்,
பெங்களூரு.

பொருள்: சிறுவர் கணக்கில் அந்நியர் சாட் தடை பரிசு வழியாக உடைவது, பிளாக் செய்தால் ஆதாரம் அழிவது – உடனடித் திருத்தம் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். எங்கள் குடியிருப்பில் 23 வீடுகளில் தங்கள் விளையாட்டுக்கு மாதச் சந்தா கட்டுகிறோம். சிறுவர் கணக்கு பாதுகாப்பானது என்று தாங்கள் செய்த விளம்பரத்தை நம்பிக் கட்டும் பணம் அது. எங்களில் செயலிச் சோதனை வேலை பார்ப்பவர்கள் நான்கு பேர், போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் ஒருவர். இரண்டு ஆண்ட்ராய்டு போன்களில் 11 வயது என்று ஒன்று, 34 வயது என்று ஒன்று, இரண்டு புதுக் கணக்குகள் தொடங்கிச் சோதித்தோம். இரண்டு போனும் பெரியவர்கள் கையில்தான் இருந்தன. உங்கள் பொறியாளர்கள் இதைப் பத்து நிமிடத்தில் திரும்பச் செய்து பார்க்கலாம்.

சிறுவர் கணக்கில் 'நண்பர் அல்லாதவர் செய்தியை முடக்கு' என்ற செட்டிங் இயக்கத்தில் இருந்தது. பெரியவர் கணக்கிலிருந்து செய்தி அனுப்பினோம், போகவில்லை. அதுவரை சரி. பிறகு ஆட்டம் முடிந்து வரும் வெற்றிப் பட்டியலில் சிறுவர் கணக்கின் பெயரைத் தொட்டு 50 காயின் பரிசு அனுப்பினோம். பரிசு கொடுக்க நண்பராக இருக்கத் தேவையில்லையாம். சிறுவர் போனில் ஒரு பெட்டி குலுங்கித் திறக்கிறது, வாண வேடிக்கை நடக்கிறது, கீழே பச்சையாக ஒரே ஒரு பொத்தான்: 'நன்றி சொல்'. மூடும் குறி மேல் மூலையில், வெளிர் சாம்பல் நிறத்தில், மூன்று நொடி கழித்துத்தான் வருகிறது. பச்சையைத் தொட்டதும் தனிச் சாட் திறந்துகொள்கிறது. முதல் செய்தி பிள்ளையின் பக்கமிருந்து போய்விட்டதால், பிள்ளையே தொடங்கிய பேச்சு என்று உங்கள் சர்வர் கணக்கு வைத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு எதிராளி என்ன அனுப்பினாலும் போய்ச் சேருகிறது. செட்டிங்கில் மட்டும் தடை இன்னும் இயக்கத்தில் இருப்பதாகவே காட்டுகிறது. பெற்றோர் பார்த்தால் பூட்டு தொங்கும். கதவு திறந்து கிடக்கும்.

சின்னப் பிழைதானே என்று இதை வரிசையில் கடைசிக்குத் தள்ளிவிட வேண்டாம். பிள்ளைகளை வசப்படுத்துகிறவன் முதல் நாளே அசிங்கமாகப் பேசுவதில்லை. முதலில் பாராட்டு, பிறகு பரிசு. வாங்கிக்கொண்ட பிள்ளைக்குப் பதிலுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற கூச்சம் வந்துவிடும். அடுத்து எந்த ஸ்கூல், போன் யாருடையது, வீட்டில் எப்போது ஆள் இருக்காது என்ற விசாரிப்பு. பிறகு 'இது நமக்குள்ள இருக்கட்டும்'. அப்புறம் வேறொரு செயலிக்கு வரச் சொல்வது, ஒரு படம் கேட்பது. படம் கைக்கு வந்த நிமிடம் குரல் மாறி மிரட்டல் தொடங்கும். குரூமிங் என்று இதற்குப் பெயர். இந்த வரிசையில் பரிசுக்கும் சாட்டுக்கும் நடுவே இருக்கும் படியை நீங்களே பட்டாசு வெடித்துக் கட்டிக்கொடுத்திருக்கிறீர்கள்.

உங்கள் சொல் வடிகட்டி இதில் எதையும் பிடிக்காது. 'ரூம்ல தனியா இருக்கியா', 'அம்மாகிட்ட சொல்லாத' இரண்டும் தடையில்லாமல் போயின. 'மயிலாப்பூர்' என்று தட்டினால் மட்டும் முதல் இரண்டு எழுத்துக்காக நட்சத்திரக் குறி விழுகிறது! கெட்ட வார்த்தைப் பட்டியலை இன்னும் நீட்டுவதில் பயனில்லை, ஏனென்றால் இந்த ஆட்கள் பேசுவதெல்லாம் நல்ல வார்த்தை. பார்க்க வேண்டியது நடமாட்டத்தை. ஒரே வாரத்தில் இருபது சிறுவர் கணக்குகளுக்குப் பரிசு அனுப்பி, இருபதிலும் தனிச் சாட் திறந்த பெரியவர் கணக்கு எது என்பதை உங்கள் காயின் பதிவேடே சொல்லிவிடும். அதற்கு யாருடைய சாட்டையும் படிக்க வேண்டியதில்லை.

எங்கள் முதல் புகாருக்கு வந்த பதிலில் 'படங்களைச் சரிபார்க்கும் தொழில்நுட்பம் எங்களிடம் உண்டு' என்று எழுதியிருந்தீர்கள். 2009-இல் வந்த போட்டோடிஎன்ஏ வகையைச் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறோம். ஏற்கெனவே அடையாளம் காணப்பட்டுப் பட்டியலில் ஏறிய படத்தின் நகலைத்தான் அது பிடிக்கும். நேற்று இரவு ஒரு பிள்ளையை ஏமாற்றி எடுக்க வைத்த படம் எந்தப் பட்டியலிலும் இருக்காது.

அடுத்தது புகார்ப் படிவம். பெயருக்குப் பக்கத்திலுள்ள மூன்று புள்ளியைத் தொட்டு 'புகார்' போனால் ஐந்து காரணங்கள்: ஏமாற்றி ஆடுதல், வசவு, பெயர் சரியில்லை, விளம்பரத் தொல்லை, மற்றவை. 'பெரியவர் ஒருவர் படம் கேட்கிறார்', 'வேறு செயலிக்குக் கூப்பிடுகிறார்', 'மிரட்டுகிறார்' ஒன்றுமே இல்லை. 'மற்றவை'யில் 100 எழுத்து எழுதலாம் என்கிறது படிவம். ஆனால் 'தமிழ்' என்று தட்டினால் ஐந்து குறைகிறது. மெய்ப்புள்ளியையும் கொக்கியையும் தனித்தனி எழுத்தாக எண்ணுகிறீர்கள். ஆகத் தமிழில் எழுதும் பிள்ளைக்குக் கிடைப்பது ஏறக்குறைய 60 எழுத்து. ஸ்கிரீன்ஷாட் இணைக்க இடமே கிடையாது.

இதைவிட மோசமானது பிளாக். பிளாக் செய்தவுடன் முழுச் சாட்டும் சிறுவர் போனிலிருந்து மறைந்துவிடுகிறது, எதிராளியின் அடையாள எண்ணும் சேர்ந்து. பயந்த பிள்ளை முதலில் தொடுவது பிளாக்கைத்தான். அதன் பிறகு புகார் கொடுக்கலாம் என்றால் யார் மேல் கொடுப்பது? குரல் சாட்டில் பதிவே இல்லை. பிளேஸ்டேஷன் 5-இல் கடைசி ஐந்து நிமிடக் குரல் பேச்சைக் கருவியே வைத்திருந்து, புகார் கொடுப்பவர் அதிலிருந்து 40 நொடி வரை இணைத்து அனுப்ப முடிகிறது. முடியாத காரியம் இல்லை என்பதற்காகச் சொல்கிறோம்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம், உங்கள் சட்டப் பிரிவுக்குத் தெரிந்ததுதான். பாலியல் நோக்கத்தோடு மின்னணு வழியில் ஒரு குழந்தையைத் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வது போக்சோ சட்டம் 2012, பிரிவு 11-இன்படி குற்றம். குழந்தைகளைப் பாலியல் நோக்கில் இணைய உறவுக்கு இழுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் பிரிவு 67பி-யில் வருகிறது. முதல் முறைக்கே ஐந்தாண்டு வரை சிறை, பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள்படி, நீக்கிய உள்ளடக்கத்தையும் அது சார்ந்த பதிவுகளையும் 180 நாள் நீங்கள் வைத்திருக்க வேண்டும். பிளாக்கில் மறையும் சாட் உங்கள் சர்வரில் எத்தனை நாள் இருக்கிறது என்று எழுத்தில் கேட்கிறோம். 2024 செப்டம்பர் 23 அன்று, சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், குழந்தைகளின் பாலியல் சுரண்டல் படங்களைப் பற்றி காணாமல்போன, சுரண்டப்படும் குழந்தைகளுக்கான அமெரிக்க மையத்துக்கு அறிக்கை அனுப்பினால் மட்டும் போதாது, போக்சோவின்படி இங்குள்ள காவல்துறைக்கும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பயனர் போடுவதற்கு நிறுவனம் பொறுப்பல்ல என்ற தகவல் தொழில்நுட்பச் சட்டப் பிரிவு 79-இன் பாதுகாப்பு கிடைக்காது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. உங்கள் விதிமுறைப் பக்கத்தில் இன்னும் அமெரிக்க மையம் மட்டும்தான் இருக்கிறது.

'பெற்றோர் கண்காணிப்பை இயக்குங்கள்' என்ற தானியங்கிப் பதிலை மறுபடி அனுப்ப வேண்டாம். அந்த நான்கு இலக்கப் பின்னை மறந்துவிட்டதாகச் சொன்னால், ஓடிபி பிள்ளை கையில் இருக்கும் அதே போனுக்கு வருகிறது.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான். நண்பர் அல்லாதவர் சிறுவர் கணக்குக்குப் பரிசு அனுப்புவதை இந்த வாரமே நிறுத்துங்கள். இதற்குச் செயலியின் புதுப் பதிப்பு கூடத் தேவையில்லை, சர்வரில் ஒரு நிபந்தனை சேர்த்தால் போதும். 'நன்றி சொல்' பொத்தான் சாட்டைத் திறக்காமல் ஒரு சிரிப்புக் குறியை மட்டும் அனுப்பட்டும். பிளாக் செய்யும்போதே 'புகாரும் கொடுக்கவா' என்று கேட்டு, முழுச் சாட்டையும் அடையாள எண்ணையும் நேரத்தையும் தானாக இணையுங்கள். படிவத்தில் மேலே சொன்ன மூன்று காரணங்களையும் தமிழில் சேருங்கள். அவற்றில் வரும் புகாரை இயந்திரத்திடம் விடாமல் தமிழ் தெரிந்த ஆள் பார்க்கட்டும். வயதை மாற்ற முயன்ற கணக்கைத் தனியே குறித்துவையுங்கள். இப்போது பிறந்த ஆண்டை ஒருமுறை தவறாகப் போட்டு, பின்னால் போய் மாற்றினால் 11 வயதுக்காரர் 21 ஆகிவிடுகிறார்.

உங்கள் உதவிப் பக்கத்தில் பெற்றோருக்கு ஒரு வரிகூட இல்லாததால், கீழே உள்ளதை அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்: பிளாக் செய்யும் முன் எதிராளியின் அடையாள எண், தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிள்ளை பெயரில் அந்த ஆளோடு நீங்கள் பேசிப் பிடிக்கப் பார்க்க வேண்டாம். உஷாராகி கணக்கை அழித்துவிட்டுப் போய்விடுவான். பிள்ளையின் அந்தரங்கப் படம் ஏதும் இருந்தால் அதை ஸ்கிரீன்ஷாட் எடுக்கவோ, வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பவோ கூடாது, ஆதாரத்துக்கு என்றாலும்; அனுப்புவதே குற்றமாகலாம். போனை ரீசெட் செய்யாமல் அப்படியே காவல் நிலையத்தில் காட்டுங்கள். மிரட்டிப் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம், ஒருமுறை கொடுத்தால் அடுத்த கேள்வி பெரிதாக வரும். குழந்தைகள் உதவி எண் 1098. தேசிய சைபர் கிரைம் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் பதியலாம். போனைப் பிடுங்கிக்கொள்வோம் என்று பிள்ளையை மிரட்டாதீர்கள். அந்தப் பயத்தை வைத்துத்தான் அவன் வாயை அடைக்கிறான்.

இந்தக் கடிதம் கிடைத்ததை 24 மணி நேரத்துக்குள் உறுதிசெய்ய வேண்டியது விதிப்படி தங்கள் கடமை. தங்கள் பதில் திருப்தியாக இல்லாவிட்டால், அது கிடைத்த 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போவோம். பரிசு வழி அடைபடும் வரை 23 சந்தாவையும் நிறுத்திவைக்கிறோம்; மீதி நாட்களுக்கான பணத்தைக் கட்டிய கணக்குகளுக்கே திருப்பி அனுப்புங்கள்.

இணைப்பு: சோதனையின் திரைப்பதிவு இரண்டு, இரு கணக்குகளின் அடையாள எண்கள், தங்கள் தானியங்கிப் பதிலின் நகல்.

இப்படிக்கு,
குடியிருப்போர் நலச் சங்கத்தின் பெற்றோர் குழு