தயோபியூரின் பரிசோதனையில் விடுபட்ட மரபணு: ஆய்வகத்துக்கு ஒரு புகார்

அனுப்புநர்
குடல்நோய், ரத்தநோய், மருந்தியல் பிரிவு மருத்துவர்கள்

பெறுநர்
ஆய்வக இயக்குநர், மரபணுப் பரிசோதனை நிறுவனம்

பொருள்: என்.யு.டி.டி. 15 மரபணுவைப் பார்க்காமலேயே "முழு அளவில் மருந்து தொடங்கலாம்" என அறிக்கை தருவது குறித்து

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். குடல் அழற்சிக்கும் ரத்தப் புற்றுநோய்க்கும் தரப்படும் தயோபியூரின் வகை மருந்துகளான அசதயோபிரின், மெர்காப்டோபியூரின் தொடங்கும் முன் நாங்கள் அனுப்பும் ரத்தத்தில், இந்த மருந்துகளைச் செயலிழக்கச் செய்யும் நொதிக்கான டி.பி.எம்.டி. மரபணுவை மட்டுமே பார்க்கிறீர்கள். அதில் மாறுபாடு எதுவும் தென்படவில்லையென்றால், "இயல்பு, முழு அளவில் தொடங்கலாம்" என்று முதல் பக்கத்திலேயே அச்சிட்டுவிடுகிறீர்கள். அந்த வரியை நம்பி, உடல் எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் வீதம் அசதயோபிரின் தொடங்கப்பட்ட ஒரு நோயாளிக்கு மூன்றாம் வாரத்தில் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. வெள்ளையணு எண்ணிக்கை ஆயிரத்துக்கும் கீழே போய், காய்ச்சலோடு உள்நோயாளியாகச் சேர்க்க நேர்ந்தது. வேறோர் ஆய்வகத்தில் பார்த்தபோது இதே மருந்துகளின் நச்சைத் தணிக்கும் இன்னொரு மரபணுவான என்.யு.டி.டி. 15-இன் இரு பிரதிகளிலும் (தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று) மாறுபாடு இருந்தது. உங்கள் அறிக்கையில் அந்த மரபணுவின் பெயரே இல்லை. எந்தெந்த இடங்களைச் சோதித்தீர்கள் என்பது மட்டும் கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் கிடக்கிறது.

இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட சிக்கல் அல்ல. கொரியாவின் குடல் அழற்சி நோயாளிகளிடம் இந்தத் தொடர்பு 2014-இலேயே தெரியவந்தது. மருந்து மரபியலுக்கான சி.பி.ஐ.சி. என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பு தரும் வழிகாட்டுதலின் 2018 திருத்தம் டி.பி.எம்.டி.யோடு என்.யு.டி.டி. 15-ஐயும் சேர்த்தது. நீங்கள் சோதிக்கும் டி.பி.எம்.டி. மாறுபாடுகள் முதன்மையாக ஐரோப்பிய வம்சாவளியினரிடம் காணப்படுபவை. எங்களிடம் வருபவர்களோ தெற்காசியர்கள். என்.யு.டி.டி. 15-இல் 415-ஆம் இடத்தில் 'சி' என்ற டி.என்.ஏ. எழுத்துக்குப் பதில் 'டி' (T) வரும் மாறுபாடு ஐரோப்பியர்களிடம் 100 பிரதிகளில் ஒன்றுகூட இராது. தெற்காசியர்களிடம் சுமார் 7 இருக்கும். அப்படியென்றால் எட்டுப் பேரில் ஒருவர் ஒரு பிரதியையும், 200 பேரில் ஒருவர் இரண்டு பிரதிகளையும் சுமக்கிறார்கள். பெற்றோர் ஒன்றுவிட்ட உறவில் மணந்தவர்களாக இருந்தால் கணக்கு 110-இல் ஒருவர் என்று நெருங்கிவிடும். இவர்களில் பெரும்பாலோருக்கும் உங்கள் அறிக்கை "இயல்பு" என்றே சொல்லும்.

வேறு பரிசோதனையில் பிடித்துக்கொள்ளலாம் என்று உங்கள் வாடிக்கையாளர் பிரிவு பதில் எழுதியது. அது தவறு. டி.பி.எம்.டி. நொதி வேறு வழியில் வேலை செய்வதால் அதன் செயல்பாட்டை அளந்தால் இது தெரியாது. மருந்து உடலில் மாறிச் செயல்படும் வடிவமான தயோகுவானின் நியூக்ளியோடைடு சிவப்பணுவில் இருக்கும் அளவும் இவர்களிடம் சரியாகவோ குறைவாகவோதான் இருக்கும். அதில் ஒரு வகையான தயோகுவானின் டிரைபாஸ்பேட்டை உடைத்து டி.என்.ஏ.வுக்குள் நுழையவிடாமல் தடுப்பதுதான் என்.யு.டி.டி. 15-இன் வேலை. அது செயல்படாதபோது, மொத்த அளவு கூடாமலேயே எலும்பு மஜ்ஜை அடிபடுகிறது.

வாரம் ஒருமுறை ரத்த அணுக்களை எண்ணிப் பார்ப்பதுதான் மிச்சமிருக்கும் காவல். ஆய்வகத்துக்குப் போய்வரவே ஒரு நாள் கூலியை இழக்கும் நோயாளியால் எத்தனை வாரம் வர முடியும்? வசதி குறைந்த நாடுகளில் தொடக்கத்தில் ஒரே ஒருமுறை செய்யும் மரபணுச் சோதனைக்கு மதிப்பு கூடுவது இதனால்தான். அந்தச் சோதனையே அரைகுறையானால், காசு கொடுத்துப் பொய்யான தைரியத்தை வாங்கியதாகிவிடும்.

நாங்கள் கேட்பது இவை. இதுவரை எங்களுக்கு டி.பி.எம்.டி. மட்டும் பார்த்துத் தந்த எல்லா அறிக்கைகளையும் திருத்தித் தாருங்கள். நோயாளியை மறுபடி குத்த வேண்டியதில்லை. உறைநிலையில் நீங்கள் வைத்திருக்கும் டி.என்.ஏ. போதும். 415-ஆம் இடத்தைப் பார்க்க டி.என்.ஏ.வின் அந்தப் பகுதியைப் பெருக்கிப் பார்க்கும் ஒரு பி.சி.ஆர். வினை போதுமானது. தற்போது மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர்களின் மாதிரிகளை முதலில் எடுங்கள். பட்டியலை இத்துடன் இணைத்திருக்கிறோம்.

அடுத்தது "இயல்பு" என்ற சொல். நட்சத்திரம் 1 (*1) என்று நீங்கள் எழுதுவது, சோதித்த இடங்களில் மாறுபாடு தென்படவில்லை என்பதற்கு மேல் எதையும் நிரூபிப்பதில்லை. ஆகவே "சோதித்த மாறுபாடுகள் இல்லை" என்று எழுதி, அதே வரியில் அந்த இடங்களையும் குறிப்பிடுங்கள். மருந்தளவுக் குறிப்பு இரண்டு மரபணுக்களையும் சேர்த்தே வர வேண்டும். ஒரு பிரதியில் மாறுபாடு இருந்தால் வழக்கமான முழு அளவில் 30 முதல் 80 சதவீதத்தில் தொடங்கி, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் 2 முதல் 4 வாரம் பொறுக்க வேண்டும். இரண்டு பிரதிகளிலும் இருந்தால், புற்றுநோய் அல்லாத நோய்களுக்கு வேறு மருந்தைப் பரிசீலிக்க வேண்டும். ரத்தப் புற்றுநோயில், என்.யு.டி.டி. 15-இன் இரண்டு பிரதிகளிலும் மாறுபாடு உள்ளவருக்கு மெர்காப்டோபியூரினை உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராமில் தொடங்க வேண்டும். வெளிநோயாளிப் பிரிவு மருத்துவர் படிப்பது முதல் பக்கத்தைத்தான். இவை அங்கேயே இருக்கட்டும்.

மாதிரி எடுப்பதற்கான உங்கள் குறிப்பேட்டிலும் இரண்டு பிழைகள் உண்டு. "எந்தக் குழாயிலும் அனுப்பலாம்" என்கிறது, ரத்தம் உறையாமலிருக்கச் சில குழாய்களில் சேர்க்கும் ஹெபாரின் பி.சி.ஆரைத் தடுக்கும், அதற்கு மாற்றான ஈ.டி.டி.ஏ. சேர்த்த குழாய் என்றே சொல்ல வேண்டும். எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொண்டவரின் ரத்தத்தில் கிடைப்பது கொடையாளியின் டி.என்.ஏ. என்பதையும் அது சொல்லவில்லை. கோரிக்கைப் படிவத்தில் அந்தக் கேள்விக்கு ஒரு கட்டம் சேருங்கள்.

திருத்திய அறிக்கைகள் எந்தத் தேதிக்குள் வரும் என்பதை 7 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்கவும். அதுவரை தயோபியூரினுக்கான மாதிரி எதையும் உங்களுக்கு அனுப்பப்போவதில்லை.

இப்படிக்கு,
குடல்நோய், ரத்தநோய், மருந்தியல் பிரிவு மருத்துவர்கள்

இணைப்பு: மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர்களின் மாதிரி எண்கள், இரண்டு ஆய்வகங்களின் அறிக்கை நகல்கள்