இடையன்குடிக்காரர்களுக்கு நன்றி

அப்பா நேற்று சாயங்காலம் சாதாரண வார்டுக்கு வந்துவிட்டார். உங்கள் ஊர்க் கோயிலைப் பார்க்க வந்த இடத்தில் அப்பாவுக்கு நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும், அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை.

கார் எடுத்து வந்த தம்பி, அப்பாவைத் தூக்கிய பிள்ளைகள், திருநெல்வேலிவரை கூடவே வந்து ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்த உபதேசியார், ஜெபித்த சேகரத்துக் குருவானவர் ஐயா, எல்லாருக்கும் நன்றி. பாதிப் பேரின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

ஆனால் ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்குட்டி அண்ணனைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆகவேண்டும். காரில் இடமில்லாமல் அம்மாவையும் என் மகனையும் திரித்துவ ஆலயத்திலேயே விட்டுவிட்டுப் போனேன். அம்மா அழவும் இல்லை, வாய் திறக்கவும் இல்லையாம். அண்ணன் ஆறுதல் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "வாங்கம்மா, கோயிலச் சுத்திப் பாப்போம்" என்று கூட்டிப் போயிருக்கிறார். 1847-இல் கட்ட ஆரம்பித்த கோயில் 1880-இல்தான் பிரதிஷ்டை ஆனது, இடையில் அதைக் கட்டிய கால்டுவெல் ஐயர் 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தையே வெளியிட்டுவிட்டார், மேலே கூராக முடியும் கூர்மாட ஜன்னல் வேலையெல்லாம் நம்ம ஊர்க் கொத்தனார்களுக்குப் புதுசு, அதனால் ஐயரே களிமண்ணில் மாதிரி பிடித்துக் காட்ட அதைப் பார்த்து அவர்கள் கல்லில் செதுக்கினார்கள் என்று ஒவ்வொரு ஜன்னலாக நிறுத்தி நிறுத்திச் சொல்லியிருக்கிறார். "33 வருசமா? ஏன் அவ்வளவு நாள்?" என்று அம்மா கேட்டார்களாம். அன்று அவர்கள் பேசிய முதல் பேச்சு அதுதான். "துட்டு வர வரத்தானம்மா கட்டணும்" என்றாராம் அண்ணன்.

ஒன்றை மட்டும் அவர் காட்டவில்லை. 1891-இல் கொடைக்கானலில் இறந்துபோன கால்டுவெல்லை இங்கே கொண்டுவந்து பலிபீடத்துக்கு அடியில் அடக்கம் செய்திருக்கிறார்கள். அப்பா பார்க்க ஆசைப்பட்டு வந்ததே அதைத்தான். என் மகன் கல்லறை எங்கே என்று கேட்டதற்கு, "அது தாத்தா வந்த பிறகு, சரியா?" என்று பேச்சை மாற்றிவிட்டாராம். எந்த நேரத்தில் எதைச் சொல்லக்கூடாது என்று அந்த மனிதருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ!

அம்மா வார்டில் உட்கார்ந்து இதையெல்லாம் கதையாகச் சொல்ல, வாழ்நாளெல்லாம் தமிழ் இலக்கணம் நடத்திய அப்பாவுக்கு ஒரே பொறாமை. டாக்டர் பயணம் போகலாம் என்றதும் வருகிறோம் அண்ணே. அப்பாவுக்கு முதலிலிருந்து எல்லாம் சொல்லவேண்டுமாம், களிமண் விஷயத்தில் அவருக்குச் சந்தேகங்கள் வேறு இருக்கின்றன.