பீரோவைக் குறைக்கும் மகளுக்கு

கண்ணு,

நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். முப்பத்துச் சொச்சம் துணிமணியில் வருஷம் முழுக்க ஓட்டிவிடலாம் என்கிறாய். நல்ல யோசனைதான். ஆனால் அதில் முட்டி வரைக்கும் தொங்குகிற கோட்டு ஒன்று இருக்கிறதே, அதைப் பெங்களூரில் எப்போது போடுவாய்? மார்கழி விடியற்காலையில் போட்டுக்கொண்டு கிளம்பினால் பத்து மணிக்குக் கையில் தூக்கிக்கொண்டுதான் திரிய வேண்டும். பனி கொட்டுகிற ஊர்க்காரர்கள் தங்கள் பீரோவுக்கு எழுதிக்கொண்ட கணக்கு அது. அதைவிட எனக்கு இடித்தது இன்னொன்று. இருக்கிற துணியை எல்லாம் மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டு, பட்டியலில் இருப்பதைப் புதிதாக வாங்கப் போகிறேன் என்றாயே. குறைப்பதற்காகவா வாங்குவது?

மூட்டை கட்டுவதற்கு முன்னால் ஒரு வேலை செய். ஒவ்வொரு துணியாக எடுத்து உள்பக்கம் திருப்பிப் பார். கடையில் பொம்மைக்குப் போட்டுக் காட்டுவது வெளிப்பக்கத்தை. தைக்கிறவள் பார்ப்பது உள்பக்கத்தை.

ரெடிமேட் குர்தியைத் திருப்பினால் பக்கத் தையலில் ஓவர்லாக் அடித்த ஓரம் கால் இன்ச் இருக்கும். அதற்கு மேல் துணி கிடையாது. நீ ஒரு சுற்று பெருத்தால் பிரித்துவிட வழியே இல்லை. கம்பெனியில் ஆயிரக்கணக்கில் வெட்டும்போது உருப்படிக்கு ஒரு இன்ச் மிச்சம் பிடித்தால் எத்தனை மீட்டர் மிஞ்சும் என்றுதான் பார்ப்பார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, அந்த விலைக்கு அப்படித்தான் தைக்க முடியும். நான் உனக்குத் தைத்த சுடிதாரை எடுத்துத் திருப்பு. ஒவ்வொரு ஓரத்திலும் ஒரு இன்ச் கூடுதலாக விட்டிருப்பேன். முன்பக்கத்துக்கு இரண்டு ஓரம், பின்பக்கத்துக்கு இரண்டு ஓரம், ஆக நாலு இன்ச் சுற்றளவு உள்ளேயே இருக்கிறது. கல்யாணம், பிள்ளைப்பேறு, தைராய்டு என்று பத்து வருஷத்தில் பொம்பளை உடம்பு எத்தனை மாறும் என்று டெய்லருக்குத்தான் தெரியும். எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் புதுசு தைக்க வருகிறார்கள், மீதிப் பேர் பிரித்துவிட வருகிறார்கள். பிரிக்க உள்ளே துணி இல்லாமல் திரும்பிப் போகிறவர்களைப் பார்த்தால்தான் பாவமாக இருக்கும். துணி புதுசாகவே இருக்கும், ஆள்தான் மாறியிருப்பாள்.

கீழ் மடிப்பையும் பார். அரை இன்ச் மடித்து அடித்திருந்தால் அது அவ்வளவுதான். ஒன்றரை, இரண்டு இன்ச் மடித்திருந்தால், சுருங்கினாலும் இறக்கிவிடலாம், மடிப்பும் கனமாக விழும். அப்புறம் ஸ்கேலை வைத்துத் தையலை எண்ணு. ஒரு இன்ச்சுக்குப் பத்து, பன்னிரண்டு தையல் இருந்தால் பொறுமையாக ஓட்டியிருக்கிறார்கள். ஏழு, எட்டு என்றால் அவசரம். கட்டம் போட்ட துணி என்றால் பக்கத் தையலில் கட்டம் கட்டத்தோடு சேர்கிறதா என்று பார். அப்படிச் சேர்க்கத் துணி கூடப் பிடிக்கும். அதற்கு மனசு வந்தவர்கள் மற்ற இடத்திலும் கஞ்சத்தனம் பண்ணியிருக்க மாட்டார்கள் என்பது என் அனுபவம். நீ வைத்திருக்கிற டீ-சர்ட்டில் சிலதற்குப் பக்கத் தையல் துவைக்கத் துவைக்க வயிற்றுப் பக்கம் திரும்பி வந்திருக்கும். அது நூலின் முறுக்கு செய்கிற வேலை. அதை இழுத்து நேராக்கப் பார்க்காதே, வீட்டில் போட்டுக் கிழித்துவிடு.

எந்த மாடல் என்றைக்கும் போகும் என்று கேட்டிருந்தாய். நான் மெஷினில் உட்கார்ந்த நாளிலிருந்து பஃப் கை வந்தது, போனது, திரும்ப வந்தது. பட்டியாலா வந்தது. அனார்கலி, குடை மாதிரி விரிகிற அம்பர்லா கட், தோள்பட்டையில் ஓட்டை விட்ட கோல்டு ஷோல்டர் எல்லாம் வந்தன. இதில் நான் கவனித்த ஒன்று உண்டு. துணியைக் கூட்டிச் செய்த ஃபேஷனைத் திரும்ப எடுத்துவிடலாம். வெட்டிச் செய்ததை ஒன்றும் பண்ண முடியாது. பஃப் கையைப் பிரித்துச் சாதாரணக் கையாக்கித் தர என்னால் முடியும். அம்பர்லாவில் நேர் குர்தி ஒன்று வெட்டி எடுக்கலாம். தோளில் ஓட்டை போட்டதை எங்கே கொண்டு போவது? அதனால் வாங்கும்போது மாடல் பழசாகுமா என்று யோசிக்காதே, அது ஆகத்தான் செய்யும். மாற்றித் தைக்க முடியுமா என்று யோசி. அப்படி மாற்றவே வேண்டியிராமல் இத்தனை வருஷமும் போய்க்கொண்டே இருப்பது ஒன்றுதான்: நேர் கட், முக்கால் கை, ரொம்ப இறங்காத கழுத்து, பக்கத்தில் பாக்கெட்.

துணிக்கு வருகிறேன். இப்போது ஆன்லைனில் மலிவாக வருகிற குர்தியில் பெரும்பாலும் ரேயான். தொட்டால் வழுவழுவென்று இருக்கும், உடம்பில் அழகாக விழும். ஆனால் ரேயான் நனைந்தால் பலம் போய்விடும். நீ முறுக்கிப் பிழிகிறாயே, அப்போதுதான் அது அறுகிறது. பிழியாமல் அப்படியே தண்ணீர் சொட்டத் தொங்கவிட்டால் இன்னும் கொஞ்ச நாள் வரும். பாலியஸ்டர் கலந்த காட்டன் கிழியாது, சுருங்காது, இஸ்திரியும் வேண்டாம். ஆனால் அக்குளிலும் இடுப்பிலும் சின்னச் சின்ன உருண்டையாகக் கிளம்பும். சுத்தக் காட்டனிலும் அது வரும், ஆனால் துவைப்பில் உதிர்ந்துவிடும். பாலியஸ்டர் இழை வலுவானது, அதனால் உருண்டை உதிராமல் துணியைப் பிடித்துக்கொண்டே இருக்கும். கடைக்காரர் சுத்தக் காட்டன் என்று சத்தியம் பண்ணினால், வீட்டுக்கு வந்து ஓரத்தில் ஒரு இழை உருவித் தீக்குச்சியில் காட்டு. காட்டன் என்றால் காகிதம் எரிகிற வாடை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பாலியஸ்டர் உருகிக் கறுப்பு மணியாகக் கெட்டிப்படும். பட்டு என்றால் முடி கருகுகிற நாற்றம்.

நெசவாளிகள் சொல்கிற நூல் நம்பரையும் தெரிந்து வைத்துக்கொள். 840 கஜம் நீளமுள்ள நூல் கழி (நூலைச் சுற்றிய கட்டு) ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை நிற்கிறதோ அதுதான் நம்பர். நம்பர் கூடினால் நூல் மெல்லிசு. 100-ம் நம்பர் சேலை விலை கூடுதல் என்பதால் நீண்ட நாள் வரும் என்று நினைத்துவிடாதே, அது விசேஷத்துக்கு. தினம் பஸ்ஸில் நெருக்கியடித்துப் போகிறவளுக்கு 40, 60 நம்பரில் நெய்த துணி போதும். ஜாக்கெட்டுக்கு டூ பை டூ எடுப்பது ஏன் தெரியுமா? பாவு, ஊடை (நெடுக்கு நூல், குறுக்கு நூல்) இரண்டிலும் நூலை இரட்டையாக முறுக்கி நெய்திருப்பார்கள். அதனால்தான் உன் பாட்டியின் ஜாக்கெட் நிறம் போன பிறகும் கிழியாமல் கிடக்கிறது.

உன் பட்டியலில் உள்ள வெள்ளை, சாம்பல், சந்தன நிறம் எனக்கு ஒத்துவரவில்லை. பெங்களூர்த் தூசிக்கு வெள்ளைக் குர்தி ஒரு மழைக்காலம் தாங்காது. ஒன்றோடு ஒன்று சேர வேண்டும் என்பதுதானே உனக்குக் கணக்கு? அதற்கு நிறத்தையே விட வேண்டியதில்லை. சேலைக்குச் சேலை மேட்சிங் ஜாக்கெட் தைக்கிற பழக்கம் வந்த பிறகுதான் பீரோ வீங்கியது (எங்கள் கடைக்கு அது வருமானம், நானே சொல்கிறேன்). கறுப்பு, அரக்கு, பாட்டில் பச்சை, கடுகு மஞ்சள் என்று நாலு ஜாக்கெட் நல்ல டூ பை டூவில் இருந்தால் உன்னிடம் இருக்கிற காட்டன் சேலை அத்தனைக்கும் கட்டலாம். குர்திக்கும் அதே மாதிரி, கறுப்பிலும் கருநீலத்திலும் பேன்ட் வைத்துக்கொண்டு மேலே எந்த நிறம் வேண்டுமானாலும் போடு.

துவைப்பதைப் பற்றி நீயே படித்திருப்பாய். உள்பக்கம் திருப்பித் துவை, நிழலில் காயப்போடு. சாயம் போகாமல் இருக்க உப்புத் தண்ணீரில் ஊறவை என்பார்கள். ஒழுங்காகச் சாயம் பிடிக்காத துணியை உப்பு ஒன்றும் காப்பாற்றாது, தனியாகத் துவைப்பதே வழி. கஞ்சி போட்ட சேலையை அப்படியே உள்ளே வைக்காதே, பூச்சி கஞ்சிக்குத்தான் வரும். பட்டுச் சேலையை இரண்டு மூன்று மாசத்துக்கு ஒருமுறை மடிப்பு மாற்றி வை. இல்லாவிட்டால் மடித்த கோட்டிலேயே இற்றுவிடும்.

நிறையத் துணி எதற்கு என்று நான் நினைப்பதற்கு, பீரோவில் இடம் இல்லாதது மட்டும் காரணம் இல்லை. சென்னிமலைப் பக்கம் ஒரத்துப்பாளையம் அணை இருக்கிறதே, 1992-ல் பாசனத்துக்கென்று திறந்தது. நொய்யல் ஆற்றில் வந்த திருப்பூர்ச் சாயத்தண்ணீர் அதில் தேங்கி, கடைசியில் விவசாயிகளே அந்தத் தண்ணீர் எங்களுக்கு வேண்டாம், திறக்காதே என்று நின்றார்கள். 2011-ல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது நம் சொந்தத்திலேயே வேலை போனவர்கள் உண்டு, கிணறு போனவர்களும் உண்டு. ஒரு பந்தியில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். யார் பக்கம் பேசுவது சொல். நான் துணியை வைத்துப் பிழைக்கிறவள், வாங்காதே என்று சொல்ல மாட்டேன். வாங்கினதைக் கிழிகிற வரைக்கும் போடு என்றுதான் சொல்வேன்.

தீபாவளிக்கு வரும்போது ஒதுக்கி வைத்திருக்கிற மூட்டையைக் கொண்டு வா. யாருக்கும் கொடுத்துவிடாதே. அந்தப் பச்சை அம்பர்லாவில் ஒரு குர்தி தேறும் என்று நினைக்கிறேன், கை மட்டும் வேறு துணியில் வைக்க வேண்டியிருக்கும். இப்போது உனக்குச் சரியாக இருக்கிற குர்தி ஒன்றும், அளவு ஜாக்கெட் ஒன்றும் எடுத்து வை. என் நோட்டில் இருப்பது நீ காலேஜ் படித்தபோது எடுத்த அளவு. செவ்வாய்க்கிழமையும் இருக்கிற மாதிரி லீவு போட்டால் ஈரோட்டுக் கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தைக்குப் போய்வரலாம். கூட்டம் சேருவதற்குள் போக வேண்டும், அதனால் முந்தின ராத்திரி பஸ்ஸுக்கே டிக்கெட் போடு. அப்பாவுக்கும் இரண்டு வேட்டி எடுக்க வேண்டும்.

அம்மா